ஒரு பிறப்பு, மூன்று புத்தகம்



"சர்வர் டவுன்" என்ற வார்த்தை இப்போது ரேஷன் கடை வரைக்கும் வந்துவிட்டது. பென்ஷன் எடுக்க வங்கிக்குப் போனால், மாதத்தில் ஒரு முறையாவது அதைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சர்வர் எத்தனை முறை படுத்தாலும், எழுந்து உட்காரும்போது நம் கணக்கில் இருந்த பணம் அப்படியே இருக்கிறது. நேற்று மாலை போட்ட ஐந்நூறு ரூபாயும் இருக்கிறது. அது எப்படி?

எங்கள் உறவில் ஒரு பையன் வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறான். அவன் சொன்ன விளக்கம் இது. "தாத்தா, உங்க கணக்கு ஒரு இடத்துல இல்ல, மூணு இடத்துல இருக்கு. ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல எழுதுவோம். மூணாவது இடம் ரொம்பத் தூரம். அங்க கொஞ்சம் பின்னாடி போய்ச் சேரும்." முதல் வகைக்கு சிங்க்ரனஸ், இரண்டாவது வகைக்கு அசிங்க்ரனஸ் என்று பெயராம். நான் இந்தப் பதிவில் உடன்நகல், பின்நகல் என்று எழுதுகிறேன். பழைய குமாஸ்தாவுக்கு அதுதான் வசதி.

அவன் இதைப் புது விஞ்ஞானமாகச் சொன்னான். "இது எங்க எத்தா சிவில் ஆச்சேப்பா" என்றேன். அவன் சிரித்தான். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

புதுச்சேரி, காரைக்கால் வாசகர்களுக்கு எத்தா சிவில் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கம் பதிந்து வைக்கும் பிரெஞ்சு முறை அது. ஒருவர் யார், எங்கே பிறந்தார், யாருடைய பிள்ளை என்பதற்கு அந்தப் பதிவுதான் அத்தாட்சி. சொத்து, பென்ஷன், குடியுரிமை எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். அது போனால் மனிதர் உயிரோடு இருந்தும் காகிதத்தில் இல்லாதவர் ஆகிவிடுவார்.

இந்த வழக்கம் பிரான்சில் மாதா கோயில்களில் தொடங்கியது. 1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்ரே என்ற ஊரில் பிறப்பித்த ஆணைப்படி, பங்குச் சாமியார்கள் ஞானஸ்நானங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று வந்தது. ஒரு கோயில், ஒரு புத்தகம். கோயில் எரிந்தால் ஊரே பிறக்காத மாதிரி.

நூற்று இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1667-இல், பதினான்காம் லூயி காலத்தில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். புத்தகம் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று சாமியாரிடம், மற்றொன்று வருஷ முடிவில் அரசரின் நீதிமன்றப் பதிவறைக்குப் போக வேண்டும். அந்தப் பதிவறைக்குத்தான் கிரெஃப் என்று பெயர்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் என்ன ஆகியிருக்கும் என்று அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சாமியார் முதல் புத்தகத்தை ஆட்கள் முன்னால் எழுதுவார். இரண்டாவதை, வருஷக் கடைசியில், முதலாவதைப் பார்த்துக் காப்பி எடுப்பார். சிலருக்கு அது ஒரு வரி விட்டுப் போகும். சிலருக்குப் பெயர் மாறும். சிலர் எழுதவே மாட்டார்கள். எழுதினாலும் அதில் பெற்றோர் கையெழுத்து இருக்காது. அதாவது இரண்டாவது புத்தகம் வெறும் பின்நகல். முதலாவது தொலைந்த அன்றைக்குத்தான் அதன் லட்சணம் தெரியவரும்.

இதைச் சரிசெய்தது 1736 ஏப்ரல் 9-ஆம் தேதி வெளியான அரச அறிவிப்பு. அதன் சாரம் இதுதான்: இரண்டு புத்தகத்திலும் அப்போதே எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் மூலம்தான், ஒன்று மூலம் ஒன்று நகல் என்ற பேச்சில்லை. பிரான்சின் பல ஊர்களில் நீதிமன்றப் பதிவறையில் இருக்கும் தொகுப்பு 1737-இல்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன் யாரும் ஒழுங்காக ஒப்படைக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் பையன் சொன்ன உடன்நகல் இதுவேதான். வங்கியில் நீங்கள் பணம் போட்டால், முதல் கம்ப்யூட்டர் எழுதும். இரண்டாவது கம்ப்யூட்டருக்கு அனுப்பும். "நானும் எழுதிவிட்டேன்" என்று அங்கிருந்து பதில் வரும் வரை காத்திருக்கும். வந்த பிறகுதான் உங்களுக்கு "ஆயிற்று" என்று சொல்லும். இரண்டு புத்தகத்திலும் கையெழுத்து விழாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. அவ்வளவுதான் தத்துவம்.

இதற்கு ஒரு விலை உண்டு. காத்திருப்பது. ஒரே அறையில் இரண்டு புத்தகம் இருந்தால் இரண்டு மடங்கு எழுத்து வேலை, அவ்வளவுதான். இரண்டாவது புத்தகம் பக்கத்து ஊரில் இருந்தால்? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆள் போய்வர வேண்டும். ஆகவே உடன்நகல் என்றால் அது பக்கத்தில்தான் இருக்க முடியும். பக்கத்தில் இருந்தால் ஒரே ஆபத்தில் இரண்டும் மாட்டிக்கொள்ளும். இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் மிச்சக் கதை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் 1676-இலிருந்து உள்ள பதிவுகளின் சுருக்கத்தை, கவர்னராக இருந்த அல்ஃப்ரெத் மார்த்தினோ பிறகு அச்சில் கொண்டுவந்தார். அத்தனை பழமையான பதிவுகள் ஏதோ ஒரு வடிவில் மிஞ்சியதே ஆச்சரியம். இங்கே உப்புக்காற்று, கறையான், புயல், மழை எல்லாம் உண்டு. அதற்கு மேல் சண்டை. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1761 ஜனவரியில் லாலி ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். அதன்பின் ஊரையே இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். ஒரு ஊரில் இரண்டு புத்தகம் வைத்தாலும் சரி, இருபது புத்தகம் வைத்தாலும் சரி, ஊரே போகும்போது எல்லாம் போகும்.

பிரான்சின் தீவுக் காலனிகளிலும் இதே சங்கடம்தான். வெயில், ஈரம், பூச்சி, யுத்தம். இதற்கு வெர்சாயில் ஒரு முடிவெடுத்தார்கள். பதினாறாம் லூயி, கடற்படை அமைச்சராக சார்த்தீன் இருந்த சமயத்தில், 1776 ஜூன் மாதம் ஓர் அரசாணை வெளியிட்டார். காலனிகளின் பொதுப் பத்திரங்களுக்கென்று வெர்சாயில் ஒரு காப்பகம் ஏற்பட்டது. காலனிகளில் பதிவேடு இனி மூன்று. ஒன்று கோயிலில், ஒன்று கிரெஃப்பில், மூன்றாவது கப்பலேறி வெர்சாய்க்கு. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மட்டுமில்லை. நொத்தேர் பத்திரங்கள், நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் இந்த ஆணை பொருந்தும்.

இரண்டு உடன்நகல், ஒரு பின்நகல். இன்றைக்குப் பெரிய வங்கிகளும் பங்குச் சந்தைகளும் கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டும் அமைப்பின் வடிவம் இதுதான். கம்ப்யூட்டருக்குப் பதில் கப்பல்.

பின்நகல் எவ்வளவு பின்தங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1777 ஜனவரியில் புதுச்சேரியில் ஒரு பிள்ளை பிறக்கிறது. வருஷம் முடிந்துதான் மூன்றாவது புத்தகம் கட்டப்படும். பிறகு கப்பல் வேண்டும், காற்று வேண்டும். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பிரான்ஸ் போகச் சுமார் ஆறு மாதம். அந்தப் பிள்ளை வெர்சாயின் கணக்கில் பிறப்பதற்குள் அதற்கு ஒன்றரை வயது ஆகி, தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு பயணம் மிகவும் குறைந்தது. ஆனால் வருஷ முடிவு வரை காத்திருக்கும் வழக்கம் குறையவில்லை.

வெர்சாயிலிருந்து "வந்து சேர்ந்தது" என்று பதில் வந்த பிறகுதான் பதிவு முடியும் என்று வைத்திருந்தால் என்ன ஆகும்? தாயும் பிள்ளையும் இரண்டு வருஷம் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். தூரத்துப் புத்தகத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அது பின்னால் வரட்டும், ஆனால் கட்டாயம் வரட்டும். இதுதான் பின்நகலின் நியாயம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. உடன்நகலும் பின்நகலும் தனித்தனியே என்ன தரும் என்று பார்த்தால் போதாது. இரண்டும் சேர்ந்தால் என்ன தரும் என்று பார்க்க வேண்டும்.

கோயில் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரெஃப்பில் அன்றைய தேதி வரை எல்லாம் இருக்கிறது. வெர்சாயில் போன வருஷம் வரைதான் இருக்கிறது. கிரெஃப்காரர் செய்ய வேண்டியது, தன்னிடம் இருப்பதைப் பார்த்து, வெர்சாய்க்கு இன்னும் போகாத பக்கங்களை எழுதிக் கப்பலில் ஏற்றுவது. முதல் புத்தகம் போன பிறகும் தூரத்துப் புத்தகம் முழுமை பெறும். ஒரு வரியும் நஷ்டமில்லை. பக்கத்தில் இருக்கும் உடன்நகல்தான், தூரத்தில் இருக்கும் பின்நகலின் குறையைப் பிறகு நிரப்பித் தருகிறது. வங்கியிலும் இப்படியே. முதல் நிலையம் தீப்பிடித்தால், பக்கத்து நிலையம் தன்னிடம் உள்ள மிச்சத்தைத் தூர நிலையத்துக்குத் தள்ளிவிடும்.

கோயிலும் கிரெஃப்பும் சேர்ந்தே போனால்? அப்போது நஷ்டம் உண்டு. ஆனால் கடைசிக் கப்பலுக்குப் பிறகு நடந்தது மட்டும்தான் போகும். நூறு வருஷம் போகாது. ஒன்றரை வருஷம் போகும். ஆணை வந்து இரண்டே வருஷத்தில், 1778 அக்டோபரில், ஆங்கிலேயர் மறுபடி புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1793-இல் இன்னொரு முறை. வெர்சாய்க்காரர்கள் பயந்தது வீண் பயமில்லை.

இந்த மூன்றாவது புத்தகம் இல்லாத ஊருக்கு என்ன ஆனது என்பதற்கு உதாரணம் வேறு எதுவும் இல்லை, பாரிஸ்தான்.

புரட்சிக்குப் பிறகு 1792 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சட்டம் பதிவேடுகளைக் கோயிலிடமிருந்து வாங்கி ஊராட்சிகளிடம் கொடுத்தது. 1804-இல் வந்த சிவில் சட்டம் இரட்டைப் பதிவேட்டை நிலைநிறுத்தியது. வருஷ முடிவில் ஒன்று கொம்யூனில், மற்றது நீதிமன்றத்தில். காலனிகளுக்கு மட்டும் மூன்று. பிரான்சுக்குள் இரண்டே போதும் என்று நினைத்தார்கள். பாரிஸை யார் எரிக்கப் போகிறார்கள்?

1871 மே மாதம் பாரிஸ் கொம்யூன் கலகத்தின் கடைசி வாரம். வெர்சாயிலிருந்து வந்த அரசுப் படை நகருக்குள் புகுந்து தெருத் தெருவாகச் சண்டை. மே 24-ஆம் தேதி நகராட்சி மாளிகையான ஒத்தேல் த வீல் எரிந்தது. அதே நாள் நீதிமன்ற மாளிகையான பலே த ழுஸ்திஸ் எரிந்தது. நகரத்தின் ஒரு பிரதி முதல் இடத்தோடு சேர்ந்த காப்பகத்தில். மற்றது இரண்டாவது இடத்தில். இரண்டுக்கும் நடுவில் சேன் நதியின் ஒரு கிளை ஓடுகிறது. நடந்தால் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. இரண்டு பிரதியும் ஒரே நாளில் சாம்பல்.

பதினாறாம் நூற்றாண்டிலிருந்து 1859 வரை, பழைய பாரிஸ் நகரத்தின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் போயிற்று. சுமார் 80 லட்சம் பதிவுகள் என்கிறார்கள். 1860-க்குப் பிந்தியவை பெரும்பாலும் நகரின் பல பகுதி மேரிகளில் சிதறிக் கிடந்ததால் தப்பின. சிதறிக் கிடந்ததுதான் காப்பாற்றியது.

1872 பிப்ரவரியில் தனிச் சட்டம் போட்டு, மீட்டெழுத ஒரு குழு அமைத்தார்கள். குடும்பங்கள் பெட்டியில் வைத்திருந்த அத்தாட்சிகள், நொத்தேர் அலுவலகக் கட்டுகள், மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகங்கள் எல்லாவற்றையும் திரட்டினார்கள். 1897 வரை, 25 வருஷம் வேலை நடந்தது. மீண்டது மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்கள் இன்று வரை காகிதத்தில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிறந்த ஒருவருடைய பதிவுக்கு, தலைநகரத்தில் பிறந்தவருடைய பதிவைவிடப் பாதுகாப்பு அதிகம். நம்மிடம் அக்கறை அதிகம் என்பதால் அல்ல. நம் ஊரை நம்பாததால். காலனிகளின் மூன்றாவது பிரதிகள் இப்போது தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் பழைய பதிவேடுகளை அவர்கள் இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானத்தைப் பார்க்கலாம்.

பாரிஸின் பாடத்தை உலகம் நூற்று முப்பது வருஷம் கழித்து மறுபடி படித்தது. 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்தபோது, சில நிதி நிறுவனங்களின் முதல் அலுவலகமும் மாற்று அலுவலகமும் அதே வட்டாரத்தில், அதே தொலைபேசி நிலையத்தையும் அதே மின்சாரத்தையும் நம்பி இருந்தன. மறுவருஷம் அமெரிக்க மத்திய வங்கியும் மற்றக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் ஒரு வரைவு வெளியிட்டன. மாற்று நிலையம் 200, 300 மைல் தள்ளி இருக்க வேண்டும் என்று விதிக்கலாமா என்று அதில் கேட்டிருந்தார்கள். நிறுவனங்கள் மறுத்தன. அவ்வளவு தூரத்துக்கு உடன்நகல் எடுக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். 2003 ஏப்ரலில் வந்த இறுதி அறிக்கையில் மைல் கணக்கு இல்லை.

ஏன் முடியாது? மின்னல் வேகத்தில் ஓடும் கம்ப்யூட்டருக்கு 300 மைல் ஒரு தூரமா என்று நானும் கேட்டேன். பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்ப் பதிலோடு திரும்ப ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மும்பைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர ஆயிரத்தில் பத்துப் பங்கு. இது ஒரு மனிதருக்குக் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் ஒரு கணக்கில் எழுதி முடிக்கும் வரை அதே கணக்கில் அடுத்ததை எழுத முடியாது. வினாடிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் பத்து மடங்கு நேரம் எடுப்பதால் வரிசை தெருமுனை வரை நீளும். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். கப்பல் போய் ஒளி வந்திருக்கிறது. காத்திருப்பு மட்டும் போகவில்லை.

அதனால் இந்தியாவிலும் அதே மூன்று புத்தகம்தான். பங்குச் சந்தை போன்ற அமைப்புகளுக்கு செபி 2019-இல் சொன்னது இதுதான்: முதல் நிலையம் ஒன்று, எந்தத் தகவலும் இழக்காமல் இருக்க அருகு நிலையம் ஒன்று, பேரிடருக்கு வேறு நிலநடுக்க மண்டலத்தில் தூர நிலையம் ஒன்று, அது முடியாதபோது குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளியாவது இருக்க வேண்டும். 1776 ஆணையை யாரும் பார்த்து எழுதியிருக்க மாட்டார்கள். அதே கேள்விக்கு அதே விடை வந்திருக்கிறது.

சரி, மூன்று புத்தகம் வைத்துவிட்டால் நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. இங்கே என் உத்தியோக அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பிறப்புப் பதிவின் ஓரத்தில் பின்னால் நடப்பதைக் குறிப்பார்கள். இன்ன தேதியில் இன்னாரை மணந்தார் என்று 1897-ஆம் வருஷச் சட்டத்திலிருந்து பிரான்சில் பிறப்புப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும். ஓரக்குறிப்பு என்பார்கள். அதை அப்போது இரண்டு பிரதியிலும் எழுத வேண்டியிருந்தது. ஆனால் இரண்டாவது பிரதி நீதிமன்றத்துக்குப் போய்விட்டதே? எனவே கொம்யூன்காரர் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது, அங்கே அதைப் பார்த்து யாராவது எழுத வேண்டியிருந்தது. பிறப்பு உடன்நகல், ஓரக்குறிப்பு பின்நகல். கப்பலேறிப் போன மூன்றாவது புத்தகமோ, போன அன்று இருந்த நிலையிலேயே நின்றுவிடும்.

1980-களில் ஓர் அம்மா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாவின் விதவை. கணவரின் பென்ஷனில் அவருக்குச் சேர வேண்டிய பங்குக்கு ஓரக்குறிப்போடு பிறப்புப் பதிவு கேட்டிருந்தார்கள். நகராட்சிப் புத்தகத்தில் அவர் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. ஓரத்தில் கல்யாணக் குறிப்பு தெரிந்தது. அவர் பெயர் இருந்த வரி இல்லை. நீதிமன்றப் பிரதியை வரவழைத்தோம். பெயர் முத்து முத்தாக இருந்தது. ஓரம் வெறுமையாக இருந்தது. எப்போதோ, எந்த அலுவலகத்திலோ, ஓர் அறிவிப்பு கட்டோடு தங்கிவிட்டது.

அந்த அம்மா சொன்னது நினைவிருக்கிறது. "தம்பி, நான் பொறந்தது ஒரு புத்தகத்துல இருக்கு, கல்யாணம் ஆனது இன்னொரு புத்தகத்துல இருக்கு. ரெண்டும் நான்தான்னு யாருப்பா சொல்லுவா?"

கடைசியில் திருமணப் பதிவை வேறு தேடி எடுத்து, நீதிமன்ற உத்தரவு வாங்கி, ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதமும் அவர் பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து போனார்.

பையனிடம் இதைச் சொன்னபோது அவன் முதன்முறையாகச் சிரிப்பதை நிறுத்தினான். அவர்களுக்கும் இதே தொல்லைதானாம். புதிய கணக்கைத் தொடங்குவது மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. அதன்பின் நடந்த ஒவ்வொரு திருத்தமும், நடந்த வரிசையிலேயே போய்ச் சேர வேண்டும். அதற்கு அவர்கள் நடந்ததையெல்லாம் எண் போட்டு ஒரு நாட்குறிப்பாக அனுப்புகிறார்கள். 55-க்குப் பின் 57 வந்தால், 56 வழியில் நிற்கிறது என்று தூர நிலையத்துக்குத் தெரியும். வரும் வரை 57-ஐ எழுதாது. 1804 சிவில் சட்டத்தின் 41, 42-ஆம் பிரிவுகள் இதைத்தான் சொல்லியிருந்தன. ஒவ்வொரு தாளுக்கும் நீதிபதி எண்ணிட்டுச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பதிவுகளை இடைவெளி விடாமல் தொடர்ச்சியாக எழுத வேண்டும். பள்ளிக்கூடத்திலும் எங்கள் பிரெஞ்சு வாத்தியார்கள் நோட்டில் வெற்றுப் பக்கம் விட விடமாட்டார்கள். ஓரக்குறிப்புக்கு மட்டும் அப்படி எண் இல்லை. அதனால்தான் அந்த அம்மாவின் அறிவிப்பு வந்து சேராதது யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் அவனே சொன்னான். உடன்நகல் நல்லதை மட்டுமல்ல, தப்பையும் உடனே நகலெடுக்கும். குமாஸ்தா பெயரைத் தவறாக எழுதினால் இரண்டு புத்தகத்திலும் அதே தவறு, இரண்டிலும் கையெழுத்தோடு. அதனால் மூன்று இடத்து நகலுக்கும் மேலே, நேற்றைய நிலை, போன வாரத்து நிலை என்று தனியாகவும் எடுத்து வைப்பார்களாம்.

இதைப் படிக்கும் உங்களில் பலரிடம் பெட்டியில் பழைய ஆக்த்கள் இருக்கும். தாத்தாவின் பட்டாளப் புத்தகம், கிரயப் பத்திரம், 1962 ஆகஸ்டுக்குப் பிறகு குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த காகிதம். நம் மேரி கட்டடம் நூற்றாண்டுக்கு மேல் கடற்கரையில் கம்பீரமாக நின்றது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தோம். அதே சாயலில் திரும்பக் கட்டிவிட்டார்கள். கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், காகிதத்தை முடியாது.

ஆகவே மூன்று புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மூலம் வீட்டில். சான்றிட்ட நகல் ஒன்று அதே ஊரில் வேறு வீட்டில், மகளிடமோ தம்பியிடமோ. படம் எடுத்து ஒன்று தூர தேசத்துப் பிள்ளையிடம். அந்த மூன்றாவது கொஞ்சம் பின்தங்கினால் பரவாயில்லை. ஆனால் குடும்பத்தில் பிறப்போ கல்யாணமோ நடந்தால், பொங்கலுக்குப் பொங்கல் அதற்கும் ஓரக்குறிப்பை அனுப்பிவையுங்கள்.

எக்ஸ் காப்பகத்தின் இணையப் பக்கத்தில் பழைய பதிவைத் தேடிப் பிரெஞ்சுக் கையெழுத்து புரியாமல் நிற்பவர்கள் எனக்கு எழுதலாம். கண் பார்வை இருக்கும் வரை படித்துச் சொல்கிறேன்.